குருதிச் சிவப்பணுவின் மூப்பும் அழிவும்

குருதிச் சிவப்பணுவின் மூப்பும் அழிவும் என்பது, எலும்பு மச்சையில் உருவாகிக் குருதியில் சேரும் ஒரு சிவப்பணு, ஏறத்தாழ 120 நாட்கள் பணியாற்றிய பின் முதுமையடைந்து, மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் உள்ள பெருவிழுங்கணுக்களால் அகற்றப்படும் நிகழ்வைக் குறிக்கும். அழியும் அணுவில் உள்ள இரும்பு மீண்டும் புதிய அணுக்களை உருவாக்கப் பயன்படுகிறது. எஞ்சிய நிறமிப் பகுதி பித்தநீர் வழியாக வெளியேறுகிறது. மலத்தின் பழுப்பு நிறம், சிறுநீரின் மஞ்சள் நிறம், அடிபட்ட இடத்தில் தோன்றும் கன்றலின் நிறமாற்றம், மஞ்சள் காமாலை ஆகிய அனைத்தும் இந்நிகழ்வோடு தொடர்புடையவை.

சிவப்பணுவின் வாழ்நாள் இயல்பை விடக் குறையும்போது குருதிச்சிதைவுச் சோகை ஏற்படுகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாளணு நோய், தலசீமியா, ஜி6பிடி நொதிக் குறைபாடு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நீரிழிவு நோயாளிகளுக்குச் செய்யப்படும் எச்பிஏ1சி குருதிச் சோதனையும் சிவப்பணுவின் வாழ்நாளை அடிப்படையாகக் கொண்டதே ஆகும்.

எண்ணிக்கையும் வேகமும்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் சராசரியாக 120 நாட்கள் வாழ்வதாகக் கொண்டால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி அணுக்கள் அழிய வேண்டும். இது நொடிக்கு 20 லட்சத்திற்கும் அதிகமாகும். அதே அளவு புதிய அணுக்களை எலும்பு மச்சை ஒவ்வொரு நொடியும் உருவாக்குவதால் மொத்த எண்ணிக்கை மாறாமல் இருக்கிறது.

ஓய்வு நிலையில் ஒரு சிவப்பணு உடலை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. எனவே தன் வாழ்நாளில் அது 1,70,000 முறைக்கும் மேலாக இதயத்தைக் கடந்து செல்கிறது. சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். ஆனால் அது கடந்து செல்லும் தந்துகிகள் பலவற்றின் உள்விட்டம் இதைவிடக் குறைவு. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அணு வளைந்தும் நீண்டும் நெருங்கிச் செல்ல நேரிடுகிறது. வளைந்து கொடுக்கும் இத்திறன் இருக்கும் வரையில்தான் அணு குருதியில் நீடிக்க முடியும்.

பிற விலங்குகளில் சிவப்பணுவின் வாழ்நாள் வேறுபடுகிறது. சுண்டெலியில் இது ஏறத்தாழ 40 நாட்கள்; எலியில் ஏறத்தாழ 60 நாட்கள். பறவைகளின் சிவப்பணுக்களில் உயிரணுக்கரு உண்டு. எனினும் கோழியின் சிவப்பணு ஏறத்தாழ ஒரு மாதமே வாழ்கிறது. எனவே கரு இருப்பதால் மட்டும் வாழ்நாள் நீள்வதில்லை என்பது தெளிவாகிறது.

பழுது பார்க்க இயலாத அணு

எலும்பு மச்சையில் சிவப்பணு முதிர்ச்சியடையும் போது தன் உயிரணுக்கருவை வெளியேற்றி விடுகிறது. இந்நிலையில் அது இளஞ்சிவப்பணு (ரெட்டிகுலோசைட்டு) எனப்படுகிறது. இது குருதியில் நுழைந்து ஓரிரு நாட்களில் எஞ்சியிருக்கும் மைட்டோகாண்டிரியா, ரைபோசோம் ஆகியவற்றையும் இழந்து முழுச் சிவப்பணு ஆகிறது. குருதியில் உள்ள இளஞ்சிவப்பணுக்களின் விகிதத்தைக் கொண்டு எலும்பு மச்சை எவ்வளவு வேகமாகப் பணியாற்றுகிறது என்பதை மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர்.

இவ்வுறுப்புகளை இழப்பதால் அணுவிற்கு இரு நன்மைகள் கிடைக்கின்றன. முதலாவதாக, உள்ளே ஈமோகுளோபினுக்கு (ஹீமோகுளோபின்) அதிக இடம் கிடைக்கிறது. ஓர் அணுவில் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. இரண்டாவதாக, மைட்டோகாண்டிரியா இல்லாததால், அணு தான் சுமந்து செல்லும் ஆக்சிசனைத் தானே செலவிடுவதில்லை. தனக்குத் தேவையான ஆற்றலை ஆக்சிசன் இல்லாமலேயே குளுக்கோசைச் சிதைத்துப் பெறுகிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கருவும் ரைபோசோமும் இல்லாத அணுவால் புதிய புரதம் எதையும் உருவாக்க முடியாது. பழுதடைந்த நொதிக்கு மாற்றாகப் புதிய நொதியை உண்டாக்கவும் முடியாது. பிறக்கும்போது பெற்ற நொதிகளைக் கொண்டே 120 நாட்களையும் கழிக்க வேண்டும். சிவப்பணுவின் மூப்பிற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

மூப்பின் போது ஏற்படும் மாற்றங்கள்

ஆக்சிசனேற்றச் சேதம்

சிவப்பணு எப்போதும் ஆக்சிசனையும் இரும்பையும் ஒருங்கே சுமந்து செல்கிறது. இவ்விரண்டும் சேருமிடத்தில் ஆக்சிசனேற்றம் நிகழ்வது இயல்பு. நாள்தோறும் ஈமோகுளோபினில் ஒரு சிறு பங்கு தானாகவே ஆக்சிசனேற்றம் அடைந்து, ஆக்சிசனைப் பிணைக்க இயலாத மெத்தீமோகுளோபினாக மாறுகிறது. இதன்போது கேடு விளைவிக்கும் ஆக்சிசன் வேதிப்பொருட்களும் தோன்றுகின்றன. இளம் அணுவில் உள்ள நொதிகள் மெத்தீமோகுளோபினை மீண்டும் ஈமோகுளோபினாக மாற்றுகின்றன. குளூட்டாத்தயோன் என்னும் பொருள் ஆக்சிசனேற்றிகளை முறியடிக்கிறது. நாட்கள் செல்லச் செல்ல இந்நொதிகளின் செயல்திறன் குறைவதால் சேதம் குவிகிறது.

சுருங்குதலும் அடர்த்தி கூடுதலும்

அணு வயதாகும்போது தன் சவ்வின் சிறு பகுதிகளை நுண்குமிழ்களாக இழக்கிறது. இக்குமிழ்களுடன் சிறிதளவு ஈமோகுளோபினும் வெளியேறுகிறது. நீரும் உப்பு அயனிகளும் குறைகின்றன. இதனால் அணுவின் பருமனும் புறப்பரப்பும் குறைந்து, அடர்த்தி கூடுகிறது. இருபுறமும் குழிந்த தட்டு வடிவம் மெல்லமெல்ல உருண்டை வடிவத்தை நோக்கி நகர்கிறது. தளர்வாகக் காற்று நிரப்பிய பந்தை அழுத்தினால் எளிதில் வளையும். முழுவதும் நிரப்பிய பந்து வளையாது. அது போலவே, பருமனுக்கு ஏற்ற மிகுதியான புறப்பரப்பு இல்லாத அணு வளைந்து கொடுக்கும் திறனை இழக்கிறது. வயது கூடிய அணுக்கள் அடர்த்தி மிக்கவை என்பதால், குருதியை மையவிலக்குக் கருவியில் சுழற்றி அவற்றை ஓரளவு தனியே பிரிக்க முடிகிறது.

மேற்பரப்பில் தோன்றும் அடையாளங்கள்

முதிர்ந்த அணு தன்னை அகற்றலாம் என்பதற்கான அடையாளங்களைத் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

- மூன்றாம் பட்டைப் புரதம்: இது சவ்வில் மிகுதியாக உள்ள ஒரு புரதம். சிதைந்த ஈமோகுளோபின் இதன் உட்பகுதியில் ஒட்டிக்கொள்வதால் இப்புரத மூலக்கூறுகள் கொத்தாகத் திரள்கின்றன. இக்கொத்துகளை உடலில் இயற்கையாகவே உள்ள சில பிறபொருளெதிரிகள் இனங்கண்டு ஒட்டிக்கொள்கின்றன. பெருவிழுங்கணுக்கள் இவ்வெதிரிகளைப் பற்றி அணுவை விழுங்குகின்றன.
- பாசுபட்டைடில்செரின்: இயல்பான அணுவில் இக்கொழுப்பு மூலக்கூறு சவ்வின் உட்புற அடுக்கில் மட்டுமே இருக்கும். அதை உட்புறத்திலேயே நிறுத்தி வைக்க ஆற்றல் செலவாகிறது. ஆற்றல் குறையும்போதும் அணுவினுள் கால்சியம் கூடும்போதும் இது வெளிப்புறத்திற்கு வந்து, "என்னை உண்க" என்னும் அடையாளமாகச் செயல்படுகிறது.
- சிடி47: இது இளம் அணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதம். "என்னை உண்ணாதே" என்று பெருவிழுங்கணுவிற்கு அறிவிப்பது இதன் பணி. மூப்பின்போது இதன் அளவும் வடிவமும் மாறுவதால் இப்பாதுகாப்பு தளர்கிறது.

இவற்றுள் எது முதன்மையானது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பல அடையாளங்கள் சேர்ந்தே அணுவின் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

மண்ணீரலில் நிகழும் சோதனை

மண்ணீரல் வயிற்றின் இடது மேற்புறத்தில் விலா எலும்புகளுக்கு உள்ளே அமைந்துள்ளது. இதன் எடை ஏறத்தாழ 150 கிராம். மண்ணீரலின் செங்கூழ்ப் பகுதியில் குருதியின் ஒரு பகுதி, குழாய்களுக்கு வெளியே பெருவிழுங்கணுக்கள் நிறைந்த வலைப்பின்னலுக்குள் ஊற்றப்படுகிறது. அங்கிருந்து மீண்டும் குருதிக்குழாயினுள் செல்ல வேண்டுமானால், சிவப்பணு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ அகலமுள்ள பிளவுகளின் வழியே நுழைந்தாக வேண்டும். தன் விட்டத்தில் ஏழில் ஒரு பங்கு அளவே உள்ள இப்பிளவில் வளைந்து செல்ல இயலும் அணு தப்பிச் செல்கிறது. விறைத்துப்போன அணு பிளவிலேயே தங்கி, அருகிலுள்ள பெருவிழுங்கணுக்களுக்கு இரையாகிறது.

அணுவை முழுமையாக அழிக்காமல், அதனுள் இருக்கும் தேவையற்ற துணுக்குகளை மட்டும் அகற்றும் பணியையும் மண்ணீரல் செய்கிறது. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் சிவப்பணுக்களில் கருவின் எச்சமான ஓவல்-சாலி துணுக்குகள் நுண்ணோக்கியில் தென்படுவதற்கு இதுவே காரணம்.

மண்ணீரல் மட்டுமே சிவப்பணுக்களை அகற்றும் உறுப்பு அன்று. நலமுள்ள ஒருவருக்கு விபத்து போன்ற காரணங்களால் மண்ணீரல் அகற்றப்பட்டாலும் அவரது சிவப்பணுக்களின் வாழ்நாள் நீள்வதில்லை. கல்லீரலில் உள்ள கூப்பர் அணுக்களும் எலும்பு மச்சையில் உள்ள பெருவிழுங்கணுக்களும் அப்பணியை ஏற்றுக்கொள்கின்றன.

பெரும்பாலான சிவப்பணுக்கள் இவ்வாறு பெருவிழுங்கணுக்களாலேயே அகற்றப்படுகின்றன. ஒரு சிறு பங்கு அணுக்கள் மட்டும் குருதிக்குழாய்களுக்கு உள்ளேயே சிதைகின்றன. அப்போது வெளிப்படும் ஈமோகுளோபின் சிறுநீரகத்திற்குக் கேடு விளைவிக்கக் கூடியது. குருதிநீரில் உள்ள ஆப்டோகுளோபின் என்னும் புரதம் அதைப் பிணைத்துப் பாதுகாப்பாகக் கொண்டு செல்கிறது. குருதிச்சிதைவு மிகும்போது ஆப்டோகுளோபின் தீர்ந்துவிடுவதால், குருதியில் அதன் அளவு குறைவது நோயறிதலுக்குப் பயன்படுகிறது.

அழிந்த அணுவின் மறுபயன்பாடு

புரதமும் இரும்பும்

பெருவிழுங்கணுவினுள் சிவப்பணு செரிக்கப்படுகிறது. ஈமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபின் அமினோ அமிலங்களாக உடைந்து மீண்டும் பயன்படுகிறது. ஈம் எனப்படும் நிறமிப் பகுதியை ஈம் ஆக்சிசனேசு என்னும் நொதி உடைத்து, இரும்பு, பிலிவெர்டின், கார்பன் மோனாக்சைடு ஆகிய மூன்றாகப் பிரிக்கிறது. நச்சு வளிமமாக அறியப்படும் கார்பன் மோனாக்சைடு இவ்வாறு உடலிலேயே சிறிதளவு உருவாகி மூச்சுக்காற்றில் வெளியேறுகிறது.

நாள்தோறும் ஏறத்தாழ 6 கிராம் ஈமோகுளோபின் சிதைகிறது. ஒரு கிராம் ஈமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு உள்ளது. எனவே நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கும் அதிகமான இரும்பு மீட்கப்படுகிறது. உணவிலிருந்து குடல் உறிஞ்சும் இரும்பு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. அதாவது, புதிய சிவப்பணுக்களுக்கு வேண்டிய இரும்பில் மிகப் பெரும்பங்கு பழைய சிவப்பணுக்களிலிருந்தே வருகிறது.

பெருவிழுங்கணுவிலிருந்து இரும்பு பெரோபோர்ட்டின் என்னும் வாயில் வழியே வெளியேறி, டிரான்சுபெரின் என்னும் புரதத்தில் ஏறி எலும்பு மச்சையை அடைகிறது. கல்லீரல் சுரக்கும் எப்சிடின் என்னும் இயக்குநீர் இவ்வாயிலை மூடவல்லது. நீண்டகாலத் தொற்று நோய்களிலும் அழற்சி நோய்களிலும் எப்சிடின் கூடுவதால், உடலில் இரும்பு இருந்தும் அது எலும்பு மச்சையை அடையாமல் பெருவிழுங்கணுக்களிலேயே சிறைப்படுகிறது. இத்தகைய நோயாளிகளுக்குச் சோகை ஏற்படுவதன் முக்கிய காரணம் இதுவாகும்.

குருதிப்போக்கினால் இழக்கப்படும் இரும்பு இச்சுழற்சிக்குத் திரும்புவதில்லை. மாதவிடாய், மகப்பேறு, கொக்கிப்புழுத் தொற்று ஆகியவற்றால் இரும்பு இழப்பு ஏற்படுவோருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு எளிதில் தோன்றுவது இதனாலேயே.

நிறமிகள்

பிலிவெர்டின் பச்சை நிறமுடையது. இது விரைவில் மஞ்சள் நிறப் பிலிருபினாக மாற்றப்படுகிறது. தோலின் அடியில் குருதி கசிந்த இடம் முதலில் செந்நீலமாகவும், பின்னர் பச்சையாகவும், இறுதியில் மஞ்சளாகவும் மாறி மறைவதில் இவ்வேதிமாற்றங்களை நேரில் காணலாம்.

பிலிருபின் நீரில் எளிதில் கரையாது. எனவே அது குருதியில் ஆல்புமின் புரதத்துடன் பிணைந்து கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதனுடன் குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து நீரில் கரையக்கூடியதாக்கிப் பித்தநீருடன் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை யூரோபிலினோசனாக மாற்றுகின்றன. இதிலிருந்து தோன்றும் சிடெர்கோபிலின் மலத்திற்குப் பழுப்பு நிறத்தையும், யூரோபிலின் சிறுநீருக்கு மஞ்சள் நிறத்தையும் அளிக்கின்றன. பித்தநாளம் அடைபட்டவர்களுக்கு மலம் வெளிறிப் போவது, பிலிருபின் குடலை அடையாததாலேயே ஆகும்.

பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலை

கருவிலிருக்கும் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். அவற்றின் வாழ்நாளோ பெரியவர்களின் அணுக்களை விடக் குறைவு. பிறந்தபின் அவை பெருமளவில் அழியும் வேளையில், பிலிருபினைக் கையாளும் கல்லீரல் நொதி முழுத்திறன் பெற்றிருப்பதில்லை. இதனால் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் வாரத்தில் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. பெரும்பாலும் இது தானாகவே மறைந்துவிடும். ஆனால் பிலிருபின் அளவு மிகவும் கூடினால் அது மூளையைப் பாதித்து, காது கேளாமை, மூளைவாதம் ஆகியவற்றை ஏற்படுத்தலாம். பிறந்து 24 மணி நேரத்திற்குள் தோன்றும் காமாலை எப்போதும் உடனடி மருத்துவக் கவனம் தேவைப்படுவதாகும்.

இங்கிலாந்தின் ரோச்சுபோர்டு மருத்துவமனையில், சூரிய ஒளி பட்ட குழந்தைகளின் தோலில் மஞ்சள் நிறம் குறைந்ததைச் செவிலியர் ஒருவர் கவனித்தார். இதன் தொடர்ச்சியாக 1958-ஆம் ஆண்டு கிரீமரும் அவரது குழுவினரும் ஒளிச்சிகிச்சை முறையை வெளியிட்டனர். நீல ஒளி பிலிருபினின் வடிவத்தை மாற்றி, கல்லீரலின் உதவியின்றியே வெளியேறக்கூடியதாக்குகிறது. இன்று மருத்துவமனைகளில் குழந்தைகள் நீல விளக்கின் கீழ் வைக்கப்படுவது இதற்காகவே. குழந்தையை வீட்டில் வெயிலில் காட்டுவது இச்சிகிச்சைக்கு மாற்றாகாது.

வாழ்நாள் அளக்கப்பட்ட வரலாறு

சிவப்பணு எத்தனை நாட்கள் வாழ்கிறது என்பதை அறிவதில் நீண்டகாலம் இடர்ப்பாடு இருந்தது. எல்லா அணுக்களும் ஒரே தோற்றத்தில் இருப்பதால் குறிப்பிட்ட ஓர் அணுவைத் தொடர்ந்து கவனிப்பது இயலாததாக இருந்தது.

1919-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் பணியாற்றிய வினிபிரெட் ஆசுபி இதற்கு ஒரு வழி கண்டார். வேறு குருதி வகை கொண்ட ஒருவருக்கு ஓ வகைக் குருதி ஏற்றப்பட்டது. பின்னர் எடுக்கப்பட்ட குருதி மாதிரிகளில், பெற்றவரின் சொந்த அணுக்களை மட்டும் ஒட்டித் திரளச் செய்யும் நீர்மம் சேர்க்கப்பட்டது. திரளாமல் எஞ்சியவை கொடையாளரின் ஓ வகை அணுக்கள் ஆகும். அவற்றை நாள்தோறும் எண்ணியதன் மூலம், சிவப்பணுக்கள் அதுவரை கருதப்பட்டதை விட மிக நீண்ட காலம் வாழ்கின்றன என்பது தெரியவந்தது.

1946-ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் செமின், டேவிட் ரிட்டன்பர்க்கு ஆகியோர் வேறொரு முறையைக் கையாண்டனர். நைட்ரசன்-15 என்னும் கதிரியக்கமற்ற ஓரிடத்தானால் குறியிடப்பட்ட கிளைசின் 66 கிராமைச் செமின் தாமே உட்கொண்டார். கிளைசினின் நைட்ரசன் ஈமில் சேர்வதால், அந்நாட்களில் பிறந்த சிவப்பணுக்கள் மட்டும் குறியிடப்பட்டன. குருதி ஈமில் குறியின் அளவு முதலில் உயர்ந்து, பல வாரங்கள் ஏறக்குறைய மாறாமலிருந்து, பின்னர் விரைவாகக் குறைந்தது. அணுக்கள் தற்செயலாக எந்த வயதிலும் அழிவதாக இருந்தால் குறியின் அளவு தொடக்கத்திலிருந்தே குறைந்திருக்க வேண்டும். மாறாக, ஒரே காலத்தில் பிறந்தவை ஏறத்தாழ ஒரே காலத்தில் மடிந்தன. இதன்மூலம் சிவப்பணு மூப்பினாலேயே அழிகிறது என்பதும், அதன் சராசரி வாழ்நாள் 127 நாட்கள் என்பதும் நிறுவப்பட்டன.

1950 முதல் கதிரியக்கக் குரோமியம்-51 கொண்டு அணுக்களைக் குறியிடும் முறை மருத்துவமனைகளில் பரவியது. பின்னாளில் கதிரியக்கமற்ற பயோட்டின் முறையும் ஆய்வுகளில் பயன்பட்டது.

வாழ்நாள் குறையும் நோய்கள்

வாழ்நாள் சிறிதளவு குறைந்தால் சோகை ஏற்படுவதில்லை. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயெட்டின் தூண்டுவதால், எலும்பு மச்சை தன் உற்பத்தியை இயல்பைவிட 6 முதல் 8 மடங்கு வரை கூட்ட முடியும். அதற்கும் மேல் அழிவு வேகமடையும்போது சோகை, மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம், பித்தக்கற்கள் ஆகியவை தோன்றுகின்றன.

அரிவாளணு நோய்

ஈமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் உள்ள குளூட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக வேலின் அமைவதால் இந்நோய் உண்டாகிறது. ஆக்சிசன் குறையும்போது இத்தகைய ஈமோகுளோபின் நீண்ட இழைகளாகத் திரண்டு அணுவை அரிவாள் வடிவத்திற்கு இழுக்கிறது. இவ்வணுக்களின் வாழ்நாள் 10 முதல் 20 நாட்கள் மட்டுமே. அவை நுண்குழாய்களை அடைத்துக் கடும் வலியையும் உறுப்புச் சேதத்தையும் உண்டாக்குகின்றன.

இந்தியாவில் அரிவாளணுப் பண்பு முதன்முதலில் தமிழ்நாட்டின் நீலகிரியில் வாழும் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. 1952-ஆம் ஆண்டு எர்மன் லேமன், மேரி கட்புசு ஆகியோர் இதை வெளியிட்டனர். இருளர், குறும்பர், பணியர் ஆகிய சமூகத்தினரிடையே இப்பண்பு காணப்படுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெறும் குழந்தைக்கே நோய் ஏற்படுகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவோர் பெரும்பாலும் நலமுடன் வாழ்வர். அவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா மிகுந்திருந்த காட்டுப்பகுதிகளில் இம்மரபணு நிலைத்ததற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

குழந்தைப் பருவத்திலேயே நோயைக் கண்டறிந்து, பெனிசிலின், தடுப்பூசிகள், ஐதராக்சியூரியா ஆகியவற்றை வழங்குவதன் மூலம் நோயாளிகளின் வாழ்நாளை நீட்டிக்க முடியும். 2023 சூலை 1 அன்று இந்திய அரசு தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2047-ஆம் ஆண்டிற்குள் இந்நோயை மக்கள் நலச் சிக்கலாக இல்லாமற் செய்வது இதன் இலக்காகும்.

தலசீமியா

இதில் குளோபின் சங்கிலிகளில் ஒருவகை போதுமான அளவு உருவாவதில்லை. மிகுந்திருக்கும் மற்றவகைச் சங்கிலிகள் படிந்து, அணு எலும்பு மச்சையிலேயோ குருதியில் சேர்ந்த சில நாட்களிலேயோ அழிகிறது. கடும் பீட்டா தலசீமியா உள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டும். ஏற்றப்படும் அணுக்களிலிருந்து சேரும் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லாததால், அதை அகற்றும் மருந்துகளும் தேவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டு தலசீமியா நோயாளி ஒருவருக்கு எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்யப்பட்டது. இந்நோய்க்கு அளிக்கப்படும் நிலையான தீர்வுகளுள் இச்சிகிச்சை முதன்மையானது.

ஜி6பிடி குறைபாடு

ஜி6பிடி நொதி, குளூட்டாத்தயோனைப் புதுப்பித்து ஆக்சிசனேற்றச் சேதத்திலிருந்து அணுவைக் காக்கிறது. இதன் மரபணு எக்சு நிறப்புரியில் உள்ளதால் குறைபாடு ஆண்களிடம் மிகுதி. இவர்கள் வழக்கமான நாட்களில் நலமாகவே இருப்பர். பிரைமாகுயின் போன்ற சில மருந்துகளை உட்கொள்ளும்போது, வயதான சிவப்பணுக்கள் முதலில் அழிந்து திடீர்ச் சோகையும் கருஞ்சிவப்புச் சிறுநீரும் தோன்றலாம். இளம் அணுக்களில் நொதி ஓரளவு எஞ்சியிருப்பதால் அவை தப்புகின்றன.

நகர்ப்புற மலேரியா நீண்டகாலம் நிலவிய சென்னை போன்ற ஊர்களில் இச்செய்தி முக்கியமானது. வைவாக்சு வகை மலேரியா மீண்டும் தாக்காமலிருக்கப் பிரைமாகுயின் 14 நாட்கள் அளிக்கப்படுகிறது. குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பின்றி இதை அளித்தல் கூடாது. வைவாக்சு ஒட்டுண்ணி இளஞ்சிவப்பணுக்களையே பெரிதும் தாக்குகிறது. பால்சிபாரம் ஒட்டுண்ணியோ எல்லா வயதுடைய அணுக்களையும் தாக்கவல்லது. பால்சிபாரம் மலேரியா கடுமையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எச்பிஏ1சி சோதனையும் சிவப்பணுவின் வயதும்

குருதியில் உள்ள குளுக்கோசு, நொதிகளின் உதவியின்றித் தானாகவே ஈமோகுளோபினுடன் இணைகிறது. இவ்வாறு இணைந்த ஈமோகுளோபினின் விழுக்காடே எச்பிஏ1சி ஆகும். சிவப்பணு வாழும் வரை இவ்விணைப்பு நீடிப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவை இது காட்டுகிறது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஏற்றுக்கொண்டது.

இச்சோதனை சிவப்பணுக்களின் வாழ்நாள் இயல்பாக இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. அணுக்கள் விரைவில் அழிந்தால் சர்க்கரை சேரப் போதிய காலம் இராது. எச்பிஏ1சி உண்மையை விடக் குறைவாகத் தோன்றி, கட்டுப்பாடற்ற நீரிழிவும் மறைந்துவிடலாம். குருதி இழப்பு, குருதிச்சிதைவு நோய்கள் ஆகியவற்றில் இந்நிலை ஏற்படும். மாறாக, இரும்புச்சத்துக் குறைபாட்டில் புதிய அணுக்கள் குறைவாக உருவாகி, வயதான அணுக்களின் விகிதம் கூடுவதால், எச்பிஏ1சி சற்று அதிகமாகத் தோன்றக்கூடும். இரும்பு மாத்திரைகளால் சோகை நீங்கும்போது அது மீண்டும் குறைகிறது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இரு நோய்களும் ஒருங்கே மிகுந்துள்ள சூழலில், சோகை உள்ளவரின் எச்பிஏ1சி அளவை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், உணவுக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் குருதிச் சர்க்கரை அளவுகளையும் சேர்த்துப் பார்ப்பது அவசியமாகிறது.

குருதி வங்கியில் மூப்பு

கொடையாகப் பெற்ற குருதியிலும் சிவப்பணுக்கள் தொடர்ந்து முதுமை அடைகின்றன. 2 முதல் 6 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைப்பதால் இவ்வேகம் குறைகிறது. சிபிடிஏ-1 கரைசலில் 35 நாட்களும், கூடுதல் ஊட்டக் கரைசல் சேர்த்தால் 42 நாட்களும் சேமிக்கலாம். இக்காலத்தில் அணுக்களின் ஆற்றல் குறைந்து, பொட்டாசியம் கசிந்து, சவ்வு நுண்குமிழ்களாகப் பிரிகிறது. ஏற்றிய 24 மணி நேரத்திற்குப் பின்னும் குறைந்தது 75 விழுக்காடு அணுக்கள் உயிருடன் இருக்க வேண்டும் என்பதே சேமிப்புக் காலத்திற்கான பொது அளவுகோலாகும்.

ஒருமுறை சேகரித்துப் பல ஆண்டுகள் இருப்பு வைக்க இயலாததால், குருதிக்கொடை இடைவிடாது நடந்தாக வேண்டியுள்ளது. இந்தியாவில் ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் குருதிக்கொடை அளிக்கலாம். இழந்த அணுக்களை எலும்பு மச்சை சில வாரங்களில் ஈடுசெய்கிறது. இழந்த இரும்பை உணவிலிருந்து மீட்கவே கூடுதல் காலம் தேவைப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- குருதி
- ஈமோகுளோபின்
- மண்ணீரல்
- மஞ்சள் காமாலை
- அரிவாளணு நோய்
- தலசீமியா
- இரும்புச்சத்துக் குறைபாட்டுச் சோகை
- குருதிக்கொடை